கேபிள் நல்லதுதான், நுனியைப் பாருங்கள்

சிங்கப்பூர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "இன்வெர்ட்டரில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டார் ஓடத் தொடங்கியதும் என்கோடர் (சுழற்சியை எண்ணும் சென்சார்) எண்ணிக்கை பிசகுகிறது. விலை கூடிய ஷீல்டு கேபிள் போட்டும் அதே கதைதான். மல்டிமீட்டரில் பார்த்தால் ஷீல்டு சரியாக எர்த் ஆகியிருக்கிறது. வேறு கேபிள் வாங்கட்டுமா?"

வாங்காதீர்கள். பேனலில் கேபிள் நுனியைப் பாருங்கள். ஷீல்டை, அதாவது உள்கம்பிகளைச் சுற்றியுள்ள செப்புப் பின்னலைப் பிரித்து, வால் மாதிரி முறுக்கி, பச்சை மஞ்சள் ஸ்லீவ் மாட்டி டெர்மினலில் திருகியிருக்கிறதா? அப்படியென்றால் என் முதல் சந்தேகம் அந்த வால்மீதுதான்.

மல்டிமீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்தில். அதற்கு அந்த வால் வெறும் செம்பு. இன்வெர்ட்டரோ மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. வெட்டு கூர்மையாக இருப்பதால் மின் இரைச்சல் (சிக்னலைக் குழப்பும் வேண்டாத மின்னலைகள்) பல மெகாஹெர்ட்ஸ் வரை ஏறும். கம்பியின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 10 நானோஹென்றி தூண்டல் உண்டு; அதிர்வெண் ஏற ஏற அது மின்னோட்டத்தை அதிகம் தடுக்கும். 5 சென்டிமீட்டர் வால், 10 மெகாஹெர்ட்ஸில் 3 ஓம் தடை! நல்ல பின்னலின் கசிவை மீட்டருக்கு இத்தனை மில்லிஓம் (ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றுதான் அளப்பார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கவசத்தை அந்தச் சின்ன வால் வீணாக்கிவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் இறங்க, கையேட்டில் போட்டிருக்கும் நேரம் காத்திருங்கள்; இதில் அவசரமே கூடாது. வேலையை உரிமம் பெற்ற மின் பணியாளர் மேற்பார்வையில் செய்யுங்கள். வெளியுறையை மட்டும் சீவி, பின்னலைப் பிரிக்காமல், சுற்றிலும் பிடிக்கும் உலோக கிளாம்பால் பேனலின் பின்தகட்டோடு இறுக்குங்கள். அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் சுரண்டிய இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், துத்தநாகப் பூச்சுள்ள தகடு கிடைத்தால் நல்லது. மோட்டார் பக்கம் உலோக கிளாண்டு (கேபிள் நுழையும் இடத்தில் அதைச் சுற்றிப் பிடிக்கும் பூட்டு) போடுங்கள். என்கோடர் கனெக்டரின் மூடி பிளாஸ்டிக்கா என்றும் பாருங்கள். உலோக மூடியாக இருந்து, பின்னல் அதைச் சுற்றிலும் தொட வேண்டும்.

"ஒரு முனையில் மட்டும் எர்த் செய்" என்று பழையவர்கள் சொல்வது 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கு (மெயின் மின்சாரத்திலிருந்து வரும் தொந்தரவு) பொருந்தும். மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு இரண்டு முனையும் வேண்டும். என்கோடர் கையேடு வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

முதலில் மோட்டார் கேபிளைச் சரிசெய்யுங்கள், இரைச்சல் கிளம்புவது அங்கேதான். அப்புறமும் பிசகினால், மோட்டார் கேபிளும் என்கோடர் கேபிளும் ஒரே ட்ரேயில் ஒட்டி ஓடுகின்றனவா என்று பார்த்துப் பிரித்துப் போடுங்கள். குறுக்கே கடந்தே ஆகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.