டெபிட் கார்டில் எனக்குத் தெரியாமல் பணம் போய்விட்டது, வங்கியில் என் மேலேயே பழி போடுகிறார்கள். என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: வெள்ளிக்கிழமை இரவு ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்தில் உங்கள் டெபிட் கார்டிலிருந்து 18,000 ரூபாய் போயிருக்கிறது. ஓடிபி வரவே இல்லை. திங்கட்கிழமை கிளைக்குப் போய்ச் சொன்னால், "நீங்கதான் யாருக்காவது சொல்லியிருப்பீங்க" என்கிறார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதே வார்த்தையை என் அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்லக் கேட்டவள் நான்.

முதலில் உங்கள் விஷயம். கார்டை இன்னும் பிளாக் செய்யவில்லை என்றால் உடனே செய்யுங்கள். வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி கஸ்டமர் கேர் எண்கள் அங்கே நிறைய உலவுகின்றன. கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணில் மட்டும் பேசுங்கள். அடுத்து 1930, சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். அங்கே புகார் சொல்லிப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி தரும் புகார் எண், 1930-இல் தரும் பதிவு எண் இரண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

ஓடிபி வராமல் எப்படிப் பணம் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். போகும். ஓடிபி கட்டாயம் என்பது நம் நாட்டுத் தளங்களுக்கு ரிசர்வ் வங்கி போட்ட விதி. வெளிநாட்டு வியாபாரி கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண் ஆகியவற்றை மட்டும் வைத்தே பணம் எடுத்துவிட முடியும். ஆகவே ஓடிபியே கேட்கப்படாத ஒரு பரிவர்த்தனைக்கு "ஓடிபி சொல்லியிருப்பீங்க" என்று உங்களிடம் சொன்னவர், அது எந்த வகைப் பரிவர்த்தனை என்று திரையில் பார்க்கவே இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் அம்மாவுக்கு நடந்தது.

அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கும்பகோணத்தில் இருக்கிறார். ஓய்வூதியம் வரும் கணக்கு ஒன்றுதான். கார்டை மாதம் ஒருமுறை ஏடிஎம்மில் பணம் எடுக்க மட்டும் பயன்படுத்துவார், மற்ற நேரம் அது பீரோவில் இருக்கும். 2018-இல் ஒருநாள் இரவு பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பாக 10,000, 10,000 என்று வரிசையாகக் குறுஞ்செய்தி. அன்றைய வரம்பு 40,000 தீர்ந்ததும் நின்றது. நள்ளிரவு தாண்டியதும் அடுத்த நாள் கணக்கில் மறுபடி 40,000. திருடர்களுக்கு இது பழகிய கணக்கு, இரண்டு நாள் வரம்பை அரைமணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். அம்மா குறுஞ்செய்திச் சத்தத்தில் எழுந்து எனக்குப் போன் செய்தார். அந்த இரவே கார்டை பிளாக் செய்து புகார் எண் வாங்கிவிட்டோம்.

அப்போது அவர் கையில் இருந்தது சிப் இல்லாத பழைய கார்டு, காந்தப் பட்டை மட்டும் உள்ளது. ஏடிஎம்மில் கார்டு செருகும் வாயில் ஸ்கிம்மர் என்ற திருட்டுக் கருவியைப் பொருத்திப் பட்டையில் உள்ளதை அப்படியே நகல் எடுத்து, விசைப்பலகைக்கு மேலே சின்ன கேமரா வைத்து நாம் அழுத்தும் ரகசிய எண்ணையும் (PIN) பிடித்துவிடுவார்கள். அதனால்தான் 2018 டிசம்பருக்குள் எல்லாக் கார்டுகளையும் சிப் கார்டாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு விதித்திருந்தது. திருட்டு நடந்த நாள் வரை அம்மாவுக்கு மாற்றித் தரவில்லை.

மறுநாள் காலை கிளையில் அந்த அதிகாரி சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "பாட்டிம்மா, பேரன்கிட்ட நம்பர் சொல்லியிருப்பீங்க. இல்லேன்னா வீட்டு வேலைக்கு வர்றவங்க யாராவது. போய் நல்லா விசாரிங்க." ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த அம்மா, அத்தனை பேர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பணத்தைவிடப் பெரிய சேதம் அதற்குப் பிறகு வந்தது. பெரியப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டில் வேலை செய்யும் அக்காவைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்துவிட்டார். பல வருஷமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது கூடவே படுத்துக்கொண்டவர். அழுதுகொண்டே போனவர் திரும்பி வரவில்லை. பணம் எடுக்கப்பட்ட ஏடிஎம் இருந்ததோ வடமாநிலத்து ஊர் ஒன்றில்! பரிவர்த்தனை விவரத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் அந்த அதிகாரிக்கு அப்போதே தெரிந்திருக்கும். நாங்கள் எழுத்தில் கேட்ட பிறகுதான் அந்த விவரம் வந்தது. அம்மாவும் நானும் அக்கா வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் காட்டி அழைத்து வந்தோம். வந்தார். ஆனாலும் முன்போல பீரோ இருக்கும் அறைக்குள் அவர் போவதில்லை. இதற்கு எந்த வங்கி இழப்பீடு தரும்?

சரி, உங்களுக்கு உதவும் இடத்துக்கு வருகிறேன். அந்த அதிகாரி ஒரு கடிதம் எழுதச் சொல்லி வாசகத்தையும் அவரே சொன்னார்: "எனது கவனக்குறைவினால் நேர்ந்திருக்கலாம், கருணை கூர்ந்து பணத்தைத் திருப்பித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்." அம்மா பேனாவை எடுத்துவிட்டார். நான் வாங்கி வைத்துவிட்டேன். அப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. உங்களிடமும் இப்படி ஒரு கடிதம் கேட்பார்கள். எழுதாதீர்கள்.

ஏனென்றால் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதை வேறுவிதமாக வைத்திருக்கிறது. தவறு வங்கியிலும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ நடந்தது என்றால், பணம் போன தகவல் வந்த மூன்று வேலைநாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் கூடாது. தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. நீங்கள் திங்கட்கிழமையே சொல்லிவிட்டதால் அந்தக் கவலை வேண்டாம். நான்கிலிருந்து ஏழு வேலைநாள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கை. புகார் சொன்ன பத்து வேலைநாளுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், அதுவும் பணம் போன தேதியிட்டு. 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது. "நீங்க சொல்லியிருப்பீங்க" என்பது நிரூபணம் ஆகாது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஓடிபி கொடுத்து ஏமாந்தவர்கள் எல்லாரும் பணம் கேட்கலாமா" என்று யாராவது வருவார்கள். நான் அதைச் சொல்லவில்லை. ரகசிய எண்ணை நீங்களே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் பொறுப்பு, தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. இதுவும் அதே சுற்றறிக்கையில்தான் இருக்கிறது. வங்கி ஊழியர்கள் எல்லாரும் மோசம் என்றும் சொல்ல வரவில்லை. என் தம்பி மனைவியே வங்கியில்தான் வேலை பார்க்கிறாள், ஆள் பற்றாக்குறையில் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் விதியைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மனுஷியைக் குற்றவாளி ஆக்குவதற்கு ஆள் பற்றாக்குறை காரணம் ஆகாது.

நாங்கள் கொடுத்த கடிதத்தில் நான்கு விஷயம்தான் இருந்தது. இந்தப் பரிவர்த்தனைகளை நான் செய்யவில்லை, கார்டு என்னிடம்தான் இருக்கிறது, இன்ன நேரத்தில் இன்ன எண்ணில் புகார் செய்தேன், சுற்றறிக்கைப்படி வரவு வையுங்கள். கூடவே ஏடிஎம் இருந்த இடத்தையும் கேமராப் பதிவையும் கேட்டோம். பதிவுகளை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் முதல் கடிதத்திலேயே கேட்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கினோம். முத்திரை தர மறுத்தார்கள், அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் ஆயிற்று என்றார்கள். சுற்றறிக்கையின் அச்சுப் பிரதியை மேஜையில் வைத்து, அந்த நிபந்தனை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைப்பது நல்லதுதான், ஆனால் அதற்காக வங்கிக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பத்து வேலைநாளில் பணம் வரவில்லை. மண்டல அலுவலகத்துக்கு எழுதினோம், அங்கேயும் மழுப்பல். ஒரு மாதம் கழிந்ததும் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்க ரிசர்வ் வங்கி நியமித்த, சென்னையில் இருந்த வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போனது. விசாரணைக்கு அழைப்பு வரும் முன்பே முழுத் தொகையும் வட்டி குறையாமல் கணக்கில் ஏறிவிட்டது. 2021-க்குப் பிறகு இது இன்னும் எளிது, நாடு முழுவதற்கும் ஒரே திட்டம், ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற இணையப் புகார்த் தளத்தில் இலவசமாகப் பதியலாம். வங்கி 30 நாள் பதில் சொல்லாவிட்டாலோ சொன்ன பதில் திருப்தி இல்லாவிட்டாலோ போகலாம்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, நீங்கள் கேட்காவிட்டாலும். பணம் திரும்பி வந்த அடுத்த மாதமே அதே கிளையிலிருந்து அம்மாவுக்குப் போன். "இவ்வளவு தொகை சும்மா கிடக்கே, ஒரு நல்ல திட்டம் இருக்கு" என்று. வைப்பு நிதி என்று நினைத்து அம்மா போயிருக்கிறார். அவர்கள் நீட்டியது வருடா வருடம் பணம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டுப் படிவம். ஓய்வூதியத்தில் வாழும் எழுபது வயது மனுஷிக்கு! திருட்டுப்போன நாளில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்காதவர்கள், அன்றைக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்களாம். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் தனியாக வங்கிக்குப் போகிறார்கள் என்றால், வீட்டுக்கு எடுத்து வந்து படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

புதுக் கார்டு வந்ததும் செயலியில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிடுங்கள், இணையப் பயன்பாட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் வரம்பு வையுங்கள். 2020-லிருந்து எல்லா வங்கியும் இந்த வசதியைத் தர வேண்டும். ஆனால் அது அப்புறம். கடிதத்தை நாளைக் காலையிலேயே கொடுங்கள், திங்கட்கிழமை வாயால் சொன்னதையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.