வீட்டுக்கடனில் இரண்டு தவணை நிற்கிறது, சிபில் ஸ்கோரும் விழுந்துவிட்டது. யாரிடம் உதவி கேட்பது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: கணவருக்கு வேலை போய்விட்டது. வீட்டுக்கடனில் இரண்டு தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து தினமும் போன். சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) 610க்கு வந்துவிட்டது. 15,000 ரூபாய் கொடுத்தால் மூன்று மாதத்தில் ஸ்கோரை 750க்கு ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வீடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

சகோதரி, அந்த 15,000 ரூபாயை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதை அப்படியே வீட்டுக்கடன் கணக்கில் கட்டுங்கள். மற்றதைப் பொறுமையாகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாங்களும் இதே இடத்தில்தான் நின்றோம்.

என் கணவர் வேலை பார்த்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். கடன் இருவர் பெயரிலும் இருந்தது. தவணை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அவர் சம்பளக் கணக்கிலிருந்து போகும். ஜூனில் போகவில்லை, ஜூலையிலும் போகவில்லை. என்னிடம் அவர் சொல்லவில்லை. ஆகஸ்டு மூன்றாம் வாரம் அவர் பையில் எதையோ தேடும்போது மூன்று உறைகள் கிடைத்தன. மூன்றும் வங்கியின் கடிதங்கள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எனக்கு அப்போது வந்த கோபத்தைவிட, அவர் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாரே என்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது. அன்று இரவு இருவரும் உட்கார்ந்து மூன்றையும் பிரித்துப் படித்தோம். படித்து முடித்ததும் பயம் பாதியாகக் குறைந்தது. எந்தக் கடிதத்திலும் வீட்டைப் பிடுங்கப் போகிறோம் என்று இல்லை. எவ்வளவு பாக்கி, எத்தனை நாள் பாக்கி என்று மட்டும் இருந்தது.

அந்த நாள் கணக்குதான் இதில் எல்லாமே. தவணை தவறி 30 நாள் வரை ஒரு நிலை, 31 முதல் 60 வரை அடுத்தது, 61 முதல் 90 வரை மூன்றாவது. எஸ்.எம்.ஏ. 0, 1, 2 என்று வங்கியில் பேசிக்கொள்வது இதைத்தான். 90 நாளைத் தாண்டினால் கணக்கு என்.பி.ஏ. ஆகிவிடும், அதாவது வாராக்கடன். தாண்டிய பிறகு ஒரு தவணை, இரண்டு தவணை கட்டி அதிலிருந்து வெளியே வர முடியாது. அசலும் வட்டியுமாக நிற்கிற மொத்தப் பாக்கியையும் கட்டினால்தான் கணக்கைப் பழைய நிலைக்கு மாற்றுவார்கள். 90க்கு முன்னால் கட்டுகிற ஒரு தவணைக்கு இருக்கிற பலம், பின்னால் கட்டுகிற ஒரு தவணைக்குக் கிடையாது. எங்களுக்கு அந்தக் கெடு செப்டம்பர் 3. உங்கள் முதல் தவணை எந்தத் தேதியில் தவறியது என்று பாருங்கள், அதிலிருந்து 90 எண்ணிக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் வீட்டில் அதைவிட முக்கியமான தேதி வேறு இல்லை.

நாங்கள் மறுநாளே கிளைக்குப் போனோம். மேலாளர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்று சொன்னார்: "இதெல்லாம் நீங்க வாயால சொன்னா என்கிட்டயே நின்னுடும்மா. லெட்டரா குடுங்க, மேல அனுப்பறேன்." அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். கடன் கணக்கு எண், வேலை போன தேதி, நிறுவனம் கொடுத்த கடிதத்தின் நகல், இப்போது வீட்டுக்கு வருகிற வருமானம், இந்த மாதம் எவ்வளவு கட்ட முடியும், மீதியை எந்தத் தேதிக்குள் கட்டுவோம். அவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டோம். அந்தச் சீல் போட்ட தாளைப் பத்திரமாக வைத்திருந்தது பிறகு எத்தனையோ தடவை உதவியது. போனில் பேசுகிறவர் வாரம் ஒருவர் மாறுவார், முன்னால் பேசியவர் ஒத்துக்கொண்டது அவருக்குத் தெரியாது. தாள் மாறாது.

ஆகஸ்டு முடிவதற்குள் என் நகையை அடகு வைத்து ஜூன், ஜூலை இரண்டு தவணையும் கட்டினோம். நகையை வைப்பது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் தவணை கட்டுவதற்காக ஆப்பில் கடன் வாங்குவதும், கிரெடிட் கார்டில் பணம் எடுப்பதும் அதைவிடப் பல மடங்கு கஷ்டத்தில் கொண்டுபோய் விடும். வட்டி எகிறும், ஸ்கோர் இன்னும் இறங்கும். கையில் இருக்கிற பணம் எல்லாவற்றுக்கும் போதவில்லை என்றால் வீட்டுக்கடனுக்கு முதலிடம் கொடுங்கள். கார்டு பாக்கிக்காகக் கூப்பிடுகிறவர் குரலை உயர்த்துவார், அதனால் அதை முதலில் கட்டத் தோன்றும். ஆனால் வீட்டை அடமானமாக வைத்திருப்பது வீட்டுக்கடன் கொடுத்தவர் மட்டுமே.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. தவணை பிடிக்கிற கணக்கில் பணம் இல்லாமல் விட்டால் ஒவ்வொரு தடவை ரிட்டர்ன் ஆகும்போதும் கணக்கு இருக்கிற வங்கி, கடன் கொடுத்த வங்கி என்று இரண்டு பக்கமும் கட்டணம் போடுவார்கள். முழுத் தொகை சேராது என்று முன்கூட்டியே தெரிந்தால், இருப்பதை நேராகக் கடன் கணக்கில் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். தாமதத்துக்குப் போடுகிற அபராதத்தையும் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி 2023இல் கொண்டுவந்த விதிப்படி அதைக் கட்டணமாக மட்டுமே வசூலிக்கலாம், அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் பாருங்கள்.

பாக்கி தீர்ந்த பிறகு, அடுத்த வட்டி மாற்றத்தின்போது காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொன்னோம். மீதி 15 லட்சம், வட்டி 9 சதவீதம், 11 வருடம் பாக்கி. மாதம் ஏறக்குறைய 17,900 போய்க்கொண்டிருந்தது. 15 வருடமாக நீட்டியதும் 15,200 ஆனது. மாதம் 2,700 ரூபாய்தானே என்று தோன்றலாம், அந்த வருடம் அது எங்களுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. விலை உண்டு: முழுக்காலமும் அப்படியே கட்டினால் வட்டி மூன்றரை லட்சத்துக்கு மேல் கூடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது என்பதால், அவருக்கு வேலை கிடைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக அசலைக் குறைத்தோம். உங்களிடம் வங்கி கடனை 'மறுசீரமைப்பு' (கட்ட முடியாமல் திணறுகிறவருக்காகக் கடனின் நிபந்தனைகளை மாற்றுவது) செய்து தருகிறோம் என்று சொன்னால், அது கடன் அறிக்கையில் எப்படிப் பதிவாகும் என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நல்ல வழிதான், ஆனால் அந்தச் சொல் அறிக்கையில் ஏறினால் அடுத்த கடன் கொடுப்பவர் பார்ப்பார்.

சரி, 90 நாள் தாண்டிவிட்டால்? அப்போதும் மறுநாள் காலையில் யாரும் வந்து பூட்டுப் போட முடியாது. அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழி செய்வது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அதன்படி முதலில் 13(2) பிரிவின் கீழ் நோட்டீஸ் வரும். முழுக் கடனையும் கட்ட 60 நாள் கொடுப்பார்கள். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அவர்கள் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். அதன்பிறகு வங்கி உடைமையை எடுக்க நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன் மொத்தத்தையும் கட்டினால் வீட்டை மீட்டுக்கொள்ள உரிமை உண்டு. அறிவிப்பு வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

சமாளிக்கவே முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால், ஏலம் வரைக்கும் விடாமல் நீங்களே வீட்டை விற்பது மேல். வங்கியிடம் மொத்த பாக்கிக்கான கடிதம் வாங்கிக் காட்டினால், வாங்குகிறவரோ அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியோ நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டி ஆவணத்தை எடுத்துக்கொள்ள முடியும். ஏலத்தில் போகிற விலைக்கும் நாமே நிதானமாக ஆள் பார்த்து விற்கிற விலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். எழுதவே கை வரவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட்டால் தப்பு.

யாரிடம் உதவி என்று கேட்டீர்கள். காசு வாங்காத உதவிகள் இருக்கின்றன. நீங்கள் பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் பெற உரிமை உண்டு. 15100க்குக் கூப்பிடலாம், இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் அலுவலகத்துக்கே போகலாம். மக்கள் நீதிமன்றத்தில் வங்கிக் கடன் பேச்சுவார்த்தைகள் நடக்கும். மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் நிதிக் கல்வி மையத்தில் கடன் ஆலோசனை இலவசம். வங்கி உங்கள் புகாருக்கு 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம், தகவலுக்கு 14448. கடன் கொடுத்தது வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் புகார் தேசிய வீட்டு வசதி வங்கிக்குப் போக வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, உறவினர்களைக் கூப்பிட்டு அவமானப்படுத்தவும் கூடாது. அப்படி வந்த அழைப்புகளின் தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் எழுதி வைத்திருந்தேன். புகாரில் அந்தப் பக்கத்தின் நகலை இணைத்தேன், இரவு அழைப்புகள் நின்றன.

இனி ஸ்கோர். சிபில் என்று பொதுவாகச் சொன்னாலும் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஸ்கோர் எண்ணைவிட உள்ளே இருக்கும் மாதக் கட்டங்களைப் பாருங்கள். எங்களுடையதில் வரிசையாக 000, 000 என்று வந்து, ஜூனில் 025, ஜூலையில் 056, ஆகஸ்டில் 026 என்று இருந்தது. அந்த மாதக் கடைசியில் எத்தனை நாள் பாக்கி என்பதுதான் அந்த எண். ஆகஸ்டில் அது இறங்கியிருப்பது நாங்கள் கட்டிய இரண்டு தவணையால். கடன் இருவர் பெயரில் இருந்ததால் என் அறிக்கையிலும் அச்சு அசலாக அதே எண்கள்.

அந்தக் கட்டத்தில் இருப்பது உண்மை என்றால், அதை அழிக்க யாராலும் முடியாது. 15,000 கேட்கிறவராலும் முடியாது. தப்பாக இருந்தால், நீங்களே அந்த நிறுவனத்தின் தளத்தில் புகார் பதியலாம், காசு வேண்டாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்பது விதி. எங்கள் அறிக்கையில் எப்போதோ கட்டி முடித்த கிரெடிட் கார்டு ஒன்று பாக்கி என்று காட்டியது. பாக்கி இல்லை என்று வங்கி தந்த நோ டியூ சான்றிதழை இணைத்துப் பதிந்தேன், சரியானது. மாதக் கட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

கார்டுக்காரர்கள் பாதி கட்டினால் போதும், செட்டில்மென்ட் செய்துகொள்ளலாம் என்று கூப்பிடுவார்கள். கணக்கு முடிந்துவிடும், ஆனால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறி வருடக் கணக்கில் நிற்கும். முடிந்தவரை முழுவதும் கட்டி 'குளோஸ்டு' என்று வாங்கப் பாருங்கள். வழியே இல்லாதபோது மட்டும் செட்டில்மென்ட். பதற்றத்தில் நாலைந்து இடத்தில் புதுக் கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகும்.

ஸ்கோரை ஏற்ற நாங்கள் செய்தது இரண்டுதான். தவணை ஒரு நாள்கூடத் தவறாமல் போனது. அப்புறம் 20,000 ரூபாய் வைப்புத்தொகையின் பேரில் சின்ன கிரெடிட் கார்டு ஒன்று வாங்கி, மாதம் நாலாயிரம், ஐந்தாயிரத்துக்கு மட்டும் செலவு செய்து கெடுவுக்கு முன் முழுவதும் கட்டினோம். முதல் ஆறு மாதம் ஸ்கோர் அசையவே இல்லை, அவர் ரொம்பச் சோர்ந்து போனார். ஒன்றரை வருடத்தில் 700ஐத் தொட்டது, 750ஐத் தாண்ட மூன்று வருடம் ஆனது. நகையை அதற்கு முன்பே மீட்டுவிட்டோம்.

கணவரை இன்று கிளைக்குக் கூடவே அழைத்துப் போங்கள். கடிதத்தை வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள், கையெழுத்து இருவரும் போடுங்கள், சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.