1981 சார்லஸ்–டயானா முதல் நாள் உறை ஏன் விலை போவதில்லை?

ஒரு தபால்தலை வெளியாகும் அதே நாளில், அதை உறையில் ஒட்டி அந்தத் தேதி முத்திரை வாங்கினால் அது முதல் நாள் உறை. மதிப்பு அந்தத் தேதியில்தான் இருக்கிறது. மறுநாள் முத்திரை என்றால் அது சாதாரண உறைதான்.

சார்லஸ்–டயானா திருமணத் தபால்தலைகள் 1981 ஜூலை 22 அன்று, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டன. பிரிட்டனில் ஆளாளுக்கு உறை வாங்கி முத்திரை குத்தி பத்திரப்படுத்தினார்கள். மாங்காய் சீசனில் தெரு முழுக்க ஊறுகாய் போட்டுவிட்டால் யாரிடம் போய் விற்பது? அதே கதைதான்.

இப்போது 1929 மே 10-க்கு வாருங்கள். லண்டன் அஞ்சல் மாநாட்டுக்காக ஒரு பவுண்டு தபால்தலை வந்தது. அன்றைக்கு உள்நாட்டுக் கடிதத்துக்கு ஒன்றரை பென்னி. பவுண்டுக்கு 240 பென்னி. அதாவது 160 கடிதத்துக்கான காசு, ஒரே ஸ்டாம்பில்! அதை வாங்கி உறையில் ஒட்ட யாருக்கு மனசு வரும்? அதனால் அந்த முதல் நாள் உறைக்கு இன்றும் போட்டி. அழகில்கூட அதுதான் என் கண்ணுக்கு ஒசத்தி: கறுப்பு மையில், குதிரைமேல் அமர்ந்து டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ்.

சரி, வீட்டில் பழைய உறை கிடைத்தால்? முத்திரையில் நாள், மாதம், வருடம் தெளிவாக விழுந்திருக்கிறதா, உறை மடங்காமல் கறைபடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தபால்தலைதான் முக்கியம் என்று நினைத்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பவர்கள் உண்டு. பிரித்த நிமிஷமே அது முதல் நாள் உறை இல்லை, பயன்படுத்திய ஸ்டாம்ப் மட்டுமே.