ஒரே இடத்தில் நிற்கும் ஓக் மரங்கள் ஒரே நேரத்தில் துளிர்க்காதது ஏன்?

லண்டன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓக் மரங்கள், ஒன்று துளிர்த்து இரண்டு வாரமாகியும் மற்றது மொட்டையாக நிற்கிறது, நோயா, வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

கொட்டையிலிருந்து முளைத்த ஓக் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். வெயில் சீக்கிரம் வந்த வருஷம் எல்லாமே முந்தும். ஆனாலும் அவற்றுக்குள் எது முதல், எது கடைசி என்பது பெரும்பாலும் மாறாது. பிரான்ஸில் ரொம்பப் பிந்தித் துளிர்க்கும் ஒரு வகைக்கு ‘ஜூன் ஓக்’ என்றே பெயர். பிந்துவதில் லாபமும் உண்டு: கடைசி உறைபனியில் கருகுவது முந்திய துளிர்தான்.

இலங்கையின் தேயிலை மலையான தலவாக்கலையில் இருந்துகொண்டு ஓக் பற்றிப் பேசுகிறானே, இவன் பார்த்தது சில்வர் ஓக்தானே என்று யாராவது வருவார்கள். தெரியும் ஐயா, நாங்கள் சபுக்கு என்று சொல்லும் அந்த சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், ஓக் குடும்பமே இல்லை. நான் பேசுவது தேயிலையை வைத்து.

அம்மா கொழுந்து பறித்தது பழைய விதைத் தேயிலை மலையில். வீ.பி. என்று சொல்லும் தண்டுத் தேயிலை மலையில் ஒரே தாய்ச்செடியின் தண்டுகளை நட்டிருப்பதால் செடிகள் ஒன்றுபோல் துளிர்க்கும். விதைத் தேயிலை அப்படியில்லை. கவ்வாத்து வெட்டிய பிறகு ஒரு செடி செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும், பக்கத்துச் செடி பாசி பிடித்த கட்டையாகவே நிற்கும்.

ஒரு சனிக்கிழமை தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். “நிரையில பாதிச் செடிய விட்டுட்டு வந்திருக்கியே” என்று வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தார். அம்மா பதில் பேசவில்லை. மொட்டைக் கட்டை ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே பச்சைப் பசேலென்று ஈரம். கணக்கப்பிள்ளை குனிந்து பார்க்கவும் செய்தார். பார்த்துவிட்டு, எடை குறைவென்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் போட்டார். வீ.பி. மலைக்கும் எங்கள் மலைக்கும் ஒரே கிலோக் கணக்கு. இது என்ன நியாயம்?

இங்கிலாந்தில் மார்ஷம் என்ற குடும்பம் 1736இல் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக, ஓக் இலை விடும் தேதி முதற்கொண்டு எழுதிவைத்தது. எங்கள் மலையில் எழுதியது கிலோவை மட்டும்தான்.

சரி, உங்கள் மரத்துக்கு வருகிறேன். சின்னக் கிளையொன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் இன்னும் சில வாரம் பொறுங்கள். அடுத்த வருஷமும் அது இப்படித்தான் பிந்தும், பயப்பட வேண்டாம்.