ஒரே ஊருக்கு மூன்று கணக்கு: எதை எழுதுவது?

கேள்வி: நூலகக் கட்டடத்துக்கு நிதி கேட்டு எங்கள் சனசமூக நிலையம் விண்ணப்பிக்கிறது. ஊரின் குடும்பக் கணக்கு விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) ஒன்று, பிரதேச செயலகத்தில் இன்னொன்று, குடிசன மதிப்பீட்டில் (அரசின் சனத்தொகைக் கணக்கெடுப்பில்) வேறொன்று. எது சரி? – வாசகர் ஒருவர், கோப்பாய்

மூன்றுமே சரியாக இருக்கலாம். எண்ணும் முறைதான் வேறு. குடிசன மதிப்பீடு, ஊரில் வழமையாகத் தங்கியிருப்பவர்களை எண்ணுகிறது. சாப்பாட்டுக்குப் பொது ஏற்பாட்டோடு ஒன்றாக வாழ்பவர்கள் அதில் ஒரே அலகு. விதானையார் பதிவில் அதே வீட்டில் தாய் தகப்பன் ஒரு குடும்பம், கலியாணம் முடித்த மகன் இன்னொரு குடும்பம் என்று இருக்கலாம். வெளிநாடு போனவர்கள் பெயர் வெட்டப்படாமலும் கிடக்கும். பிரதேச செயலகம் பெரும்பாலும் விதானைமார் கொடுத்ததைத்தான் தொகுக்கிறது. எந்தத் திகதியில் கொடுத்தது என்பதில் வித்தியாசம் வந்துவிடும்.

எல்லையையும் பாருங்கள். 1981 கணக்கெடுப்பில் யாழ் மாவட்டத்தின் சனத்தொகை 8,30,552. 2012இல் 5,83,882. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இத்தனை பேர் குறைந்துவிட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். 1981 தொகையில் கிளிநொச்சியும் அடக்கம்; அது தனி மாவட்டமானது 1984இல்தான். இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 1981இல் இருந்தவர்கள் 7,38,788 பேர். இழப்பு பெரிதுதான், ஆனால் அந்த அளவல்ல. 2001 கணக்கெடுப்போ இங்கே முழுமையாக நடக்கவேயில்லை. அதனால் 1981க்கும் 2012க்கும் நடுவில் நமக்கு முழுமையான குடிசன மதிப்பீடு இல்லை. நம் ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய குறை!

சரி, விண்ணப்பத்தில் எதைப் போடுவது? நிதி தருபவர் எதைக் கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் விதானையாரின் கணக்கைப் போட்டு, திகதியையும் ‘பதிவிலுள்ள குடும்பங்கள்’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிராம அலுவலர் பிரிவின், ‘ஜே/’ என்று தொடங்கும் இலக்கத்தையும் விடவேண்டாம். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால், பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பக்கத்துப் பிரிவின் கணக்கு உங்கள் கைக்கு வரக்கூடும். எல்லாத் திணைக்களமும் பிரிவுக்கு ஒரே இலக்கத்தைப் பாவித்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். அரசு முதலில் செய்யவேண்டியது இதுதான் என்பேன். புதுச் செயலியெல்லாம் அப்புறம்.

கேட்டும் தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பிரிவு வாரியான தொகை, அது எந்தத் திகதிக்குரியது, ‘குடும்பம்’ என்று எதை எண்ணினார்கள் ஆகிய மூன்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். எக்செல் கோப்பாக வேண்டும் என்றும் எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள். தனிப்பட்ட விபரம் என்று மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதற்கெனக் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம்; அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

விதானையார் பதிவில் பிழை கண்டால் வீட்டு இலக்கத்தோடு எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கி வையுங்கள். அடுத்த தொகுப்புக்கு முன் கொடுத்தால்தான் பிரதேச செயலகக் கணக்கிலும் அது திருந்தும்.