பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டர் சேவைக்குத் தனியாக ஒரு தலைவர் எதற்கு?

மண்டபத்தில் கடல் அறிவியல் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: இயந்திரத்தை வாங்கி வைத்தால் போதாதா? கடல் படித்தவர் இந்த வேலைக்கு வரலாமா?

போதாது தம்பி. பாம்பனில் பார்த்திருப்பீர்கள், தூக்குப்பாலம் திறக்கும்வரை பெரிய கலங்கள் காத்து நிற்கும். சின்ன வள்ளம் அடியில் புகுந்து போய்விடும். பலரும் அனுப்பும் கணக்கீட்டு வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் போன்ற மென்பொருளும் அப்படித்தான். பெரிய வேலைக்கு இடம் சேரும்வரை, அதற்குள் முடிந்துவிடும் சின்ன வேலைகளை இடைவெளியில் ஓடவிடும். எந்தத் துறைக்கு எவ்வளவு பங்கு என்பதை எல்லோரோடும் உட்கார்ந்து பேசி முடிப்பவர் தலைவர். சண்டை வருவதும் அங்கேதான்.

ஆனால் நான் இந்த வேலையில் பார்த்தவரை, பாதி நேரம் ஆட்களோடுதான் போகும். மன்னார் வளைகுடா அலைகளைக் கணிக்க ஒரு மாணவி 64 கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) கேட்டு வாங்கியிருந்தார். திரையில் பார்த்தால் ஒன்று மட்டும் முழு வேகத்தில் ஓடுகிறது, மற்ற 63ம் சும்மா கிடக்கின்றன. நிரலே ஒற்றைக் கோருக்கு எழுதியது! அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். நிரல் ஓடும் நேரத்தில் 5 சதவீதம், பல கோர்களுக்குப் பிரித்துத்தர முடியாததாக இருந்தால், எத்தனை கோர் போட்டாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. அம்தால் விதி என்பார்கள். அந்த ஆளுக்குச் சம்பளம், மின்சாரம், குளிரூட்டல், சில வருடத்தில் மாற்று இயந்திரம் என எல்லாவற்றுக்கும் நிர்வாகத்திடம் வாதாடிப் பணம் வாங்குவதும் தலைவர் வேலைதான்.

சரி, நீங்கள் வரலாமா? தாராளமாக. ஆராய்ச்சியாளரின் கஷ்டம் தெரிந்தவர்தான் இதற்கு வேண்டும். இந்த இயந்திரங்களை இயக்கும் மென்பொருளான லினக்ஸை இன்றே படிக்கத் தொடங்குங்கள்.