குழந்தைகளோடும் பெரியவர்களோடும் இலையுதிர்காலத்தில் மலைக்குப் போகலாமா?

"இலையுதிர்காலத்தில் ஒரு வார இறுதிக்குக் குடும்பத்தோடு மலைப்பக்கம் போக நினைக்கிறோம். சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். எந்த மாதிரி இடத்துக்குப் போகலாம்? வயதானவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நீங்கள் விவரமாக எழுதாவிட்டாலும் உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது. வாரம் முழுக்க வேலை. மலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கிற படத்தை யாரோ அனுப்பியிருப்பார்கள். கையில் இருப்பது இரண்டே நாள், போனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். அப்படிக் கணக்குப் போட ஆரம்பித்தாலே மூட்டுவலியோடு இருப்பவர் இடைஞ்சலாகத் தெரிவார். அவரும் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்பார். நாமும் இரண்டாவது முறை கேட்க மாட்டோம்.

நாங்கள் கேட்கவில்லை. அப்போது பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு இரண்டு. மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு நாலு பேராகக் கிளம்பினோம். இரண்டு நாளில் நாலு இடம் என்று திட்டம். கொண்டை ஊசி வளைவுகளில் பெண் மூன்று முறை வாந்தி எடுத்தாள். கையில் படப் புத்தகத்தைக் கொடுத்து உட்கார வைத்தது எங்கள் தப்பு. கண் புத்தகத்தில் நிலைத்து நிற்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மட்டும் வண்டியோடு சேர்ந்து ஆடுகிறது. அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லியிருந்தால் பாதி குறைந்திருக்கும்.

பையனை என் கணவர் முதுகுச் சுமப்பானில் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருக்கு வியர்த்து வழிந்ததால், குளிரே இல்லை என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். ஒரு மணி நேரம் கழித்துப் பையன் சிணுங்கினான். இறக்கிக் காலுறையைக் கழற்றினால், பாதம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது போல இருந்தது. நடக்கிறவருக்கு உடம்பு சூடாகும், முதுகில் அசையாமல் தொங்குகிற குழந்தைக்கு எங்கிருந்து சூடு வரும்? கால் வேறு கீழே தொங்குவதால் இரத்த ஓட்டமும் குறையும். அங்கேயே உட்கார்ந்து அந்த இரண்டு பாதத்தையும் என் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக ரொம்ப நேரம் ஆயிற்று. உங்களிடம் சுமப்பான் இருந்தால் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறக்கிக் கை காலைத் தொட்டுப் பாருங்கள், நடக்கிற வயதென்றால் கொஞ்சம் நடக்க விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "எப்படிடா கண்ணு இருந்துச்சு?" என்று கேட்டார். "கார்லயே இருந்தோம் பாட்டி" என்றாள் பெண். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த வருடம் நான் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டேன்: அத்தையும் வருகிறார், ஒரு நாளைக்கு ஒரே இடம்.

எந்த மாதிரி இடம் என்று கேட்டீர்கள் இல்லையா? ஊர்ப் பெயரை விட உயரத்தைப் பாருங்கள். இலை நிறம் மாறுவது மலையின் மேலே தொடங்கிக் கீழே இறங்கி வரும், ஏனென்றால் உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதனால் மேலே உதிர்ந்து முடிந்த பிறகும் சில வாரம் கீழ்ச் சரிவுகளில் நிறம் இருக்கும். குழந்தையும் பெரியவரும் இருக்கிற வீடு அந்தக் கீழ்ச் சரிவுக்காகக் காத்திருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. குளிர் குறைவு, பாதை சமம், பக்கத்திலேயே ஊர் இருக்கும். இரவு 2,500 மீட்டருக்கு மேல் தங்குவதாக இருந்தால், உயரத்தில் காற்று மெலிவதால் வருகிற மலைநோய் பற்றி யோசிக்க வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, சாப்பிடாமல் நச்சரிக்கும், அவ்வளவுதான். நான் டாக்டர் இல்லை, அதனால் இதற்கு மேல் சொல்லவில்லை. பெரியவருக்கு இதயம், நுரையீரல் பிரச்சினை இருந்தால் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

இன்னொன்று, கேபிள் காரை நம்பித் திட்டம் போடாதீர்கள். கோடைக் கூட்டம் முடிந்து பனிக்காலக் கூட்டம் வருவதற்கு முன் பல இடங்களில் அதைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். மலை விடுதிகளும் மூடியிருக்கும். ஓடுகிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுவிடுங்கள். கைக்குழந்தையோடு ஏறினால் காது அடைக்கும். பால் குடிக்க வைத்தாலோ வாயில் ஏதாவது உறிஞ்சக் கொடுத்தாலோ விழுங்கும்போது சரியாகிவிடும்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். எங்களோடு தெரிந்த தம்பதி ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று கிலோமீட்டர் நடந்து, முந்நூறு மீட்டர் ஏறினால் ஒரு ஏரி. "ஒரு மணி நேரம்தான்" என்றார்கள். கணக்குப்படி சரிதான். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு வழி சொல்லி வைத்தார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் பாதைக்கு ஒரு மணி ஆறு நிமிடம் வருகிறது. ஆனால் அது நல்ல கால் பலமுள்ள பெரியவர் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. மூன்று வயதுப் பையனுக்கும் எழுபது வயது முழங்காலுக்கும் போட்ட கணக்கு இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருந்த கடிகாரத்தை மறுபடி ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய நாள். காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்ததே என்று மெத்தனமாக இருந்துவிட்டோம். ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய நடை பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. காலையில் கிடைத்த அந்த ஒரு மணி நேரம் சாயங்கால வெளிச்சத்திலிருந்து எடுத்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் நெருடலாக இருந்தது. "ரெண்டு மணி ஆனா எங்க இருந்தாலும் திரும்பணும்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டேன், எல்லோரும் தலையாட்டினார்கள்.

அத்தை நடைக்கோல் ஊன்றி மெதுவாக வந்தார். பாதி வழியில் ஒரு பெஞ்சு. அதன் மேல் ஒரு லார்ச் மரம். ஊசியிலை மரம்தான், ஆனால் இது பைன் மாதிரி இல்லை, இலையுதிர்காலத்தில் பொன்னிறமாகி எல்லா ஊசியையும் உதிர்த்துவிடும். அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். காற்று வரும்போதெல்லாம் ஊசிகள் சத்தமே இல்லாமல் கொட்டின. அத்தையின் கம்பளிச் சால்வை முழுக்க ஒட்டிக்கொண்டன. பையன் அவர் மடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அவருடைய உள்ளங்கையில் வரிசையாக வைத்தான். கை நிறைந்ததும் அவர் ஊதிவிடுவார், அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். கெட்டி ஊசியாக இருக்கும் என்று நினைத்தேன், தொட்டால் அவ்வளவு மென்மை. இரண்டு நாளும் சேர்த்து யாராவது "என்ன பார்த்தீர்கள்" என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு மணிக்கு ஏரி இன்னும் வரவில்லை. எதிரே இறங்கி வந்தவர்கள், "இன்னும் கால் மணி நேரம்தான்" என்றார்கள். அந்தத் தம்பதியும், "இவ்வளவு தூரம் வந்துட்டு விடுவாங்களா?" என்றார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். அவர்களுடைய கால் மணி நேரம் எங்களுக்கு நாற்பது நிமிடம். ஏரிக்கரையில் அரை மணி நேரம். அங்கிருந்து கிளம்பும்போது மூன்று பத்து ஆகிவிடும். திரும்பலாம் என்றேன். அவர்கள் இருவரும் மேலே போனார்கள், நாங்கள் இறங்கினோம்.

ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் அங்கேதான் விழுகிறது. போதாததற்கு ஈர இலை. கல்லும் வேரும் பள்ளமும் அதற்குள் மறைந்திருக்கும், கால் வைத்தால்தான் தெரியும். என் கணவர் முன்னால் போய்க் குச்சியால் இலையை ஒதுக்கிக்கொடுக்க, அத்தை பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். மூன்றரைக்கே சூரியன் எதிர் மலைமுகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அன்றைக்கு அஸ்தமனம் ஐந்து மணிக்கு மேல்தான். ஆனால் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு மலை மறைத்தாலே குளிர் இறங்கிவிடும். பத்தே நிமிடத்தில் எல்லோரும் இரண்டாவது சட்டை போட்டோம். வண்டிக்கு வந்து சேரும்போது நாலேகால். இறங்க மட்டும் இரண்டேகால் மணி நேரம். ஏரிக்குப் போய்விட்டு வந்திருந்தால் கடைசிப் பகுதியைக் கும்மிருட்டில் ஈர இலை மேல் இறங்கியிருப்போம்.

அந்தத் தம்பதி நாலரைக்கு நன்றாகவே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் போனது தப்பென்று நான் சொல்லவில்லை, அவர்கள் கால்களுக்கு அது சரி. ஆனால் அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும், "ஏரி வரைக்கும் வந்துட்டு ஏரியைப் பாக்காம போனவங்க" என்று நாலு பேர் முன்னால் எங்களை அறிமுகப்படுத்துவதுதான் எனக்கு வலிக்கிறது. இங்கேயும் யாராவது வந்து, "இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் குழந்தை எப்படித் தைரியமாக வளரும்" என்று எழுதலாம். என் பெண் அன்று நாலு கிலோமீட்டருக்கு மேல், முனகாமல் நடந்தாள். ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு என்று கழுத்தில் விசிலோடு பாடம் படித்துக்கொண்டே வந்தாள். பதிலுக்கு மூன்று முறை வந்தால் கேட்டுவிட்டது என்று அர்த்தம் என்று அத்தைக்கும் சொல்லிக்கொடுத்தாள். நான் மலையேற்ற வழிகாட்டி இல்லை. ஆனால் வாக்குக் கொடுத்த நேரத்தில் திரும்புவதும் தைரியம்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணத்தில் பெண் முப்பதுக்கும் மேற்பட்ட இலை பொறுக்கினாள். பள்ளியில் இலை ஆல்பம் கேட்டிருந்தார்கள். தானே தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கி, பத்து நாள் காத்திருந்து ஒட்டினாள். இலையில் பச்சையம் சிதையும்போது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி மறைந்திருந்தது இல்லை, பெரும்பாலும் இலையுதிர்காலத்தில்தான் புதிதாக உண்டாகிறது. நல்ல வெயில் பகலும் உறையாத குளிர் இரவும் இருந்தால் சிவப்பு எடுப்பாக இருக்கும். இதையெல்லாம் அவள் தன் கையெழுத்தில், எழுத்துப் பிழையோடு எழுதினாள். காம்பின் அடியில் இலை மரத்திலிருந்து தானாகக் கழன்ற தழும்பை வட்டம் போட்டுக் காட்டியிருந்தாள். ஆல்பம் திரும்பி வந்தபோது "இலைகள் பழுப்பாகிச் சுருண்டுள்ளன, நேர்த்தி இல்லை" என்று ஒரு வரி. அதிக மதிப்பெண் கணினியில் படம் அச்சடித்து ஒட்டியவர்களுக்கு. ஏழு வயதுக் குழந்தையிடம் இலை பொறுக்கச் சொல்லிவிட்டு, இலை காய்ந்துவிட்டது என்று குறை சொன்னால் அவள் என்ன செய்வாள்? அடுத்த வருடம் அவள் ஒரு இலைகூடப் பொறுக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி என்றால் பயணத்தை ரத்து செய்துவிடாதீர்கள். இந்தப் பருவத்தில் குளிர்ந்த காற்று கீழே தேங்குவதால், சில நூறு மீட்டர் மேலே போனால் நல்ல வெயில் அடிப்பதுண்டு. பருத்தி உடை வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு குளிரவிடும். பல நாடுகளில் இது வேட்டைக் காலம் என்பதால் குழந்தைகளுக்குப் பளிச்சென்ற நிறத்தில் மேலுடை போடுங்கள். ஆண் மான்கள் இணை தேடிக் கத்துகிற காலமும் இதுதான். சத்தம் கேட்டால் நின்று கேளுங்கள், கிட்டே மட்டும் போகாதீர்கள்.

வீட்டுப் பெரியவரிடம், "வர்றீங்களா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். "எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை உக்காரணும்? இறங்கும்போது எந்தக் கால் வலிக்குது?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இடது கால்தான். வலது பக்கம் யாராச்சும் கையைக் குடுத்தா போதும்" என்றார்.